காட்டுப்புல்லின் தாய்வழி

புல்லின் இலைச் செல்லில் டி.என்.ஏ. மூன்று இடங்களில் இருக்கிறது: உட்கருவில், மைட்டோகாண்ட்ரியாவில், பசுங்கணிகத்தில். மூன்றிலும் மிகச் சிறியது பசுங்கணிகத்தில் இருப்பதுதான். நெல்லின் உட்கருவில் ஏறத்தாழ 39 கோடி கார இணைகள் உண்டு. பசுங்கணிகத்தில் இருப்பவை 1,34,525 மட்டுமே. அளவில் சிறியதானாலும், ஒரு காட்டுப்புல் எங்கே தோன்றியது, எந்தப் புல்லுக்கு உறவு, எந்த வழியாக எந்தக் கண்டத்துக்குப் போனது என்று கேட்கும்போது ஆய்வாளர்கள் முதலில் வாசிப்பது இதைத்தான்.

அதற்கு மூன்று காரணங்கள். இது சிறியது, குறைந்த செலவில் முழுதாக வாசித்துவிடலாம். ஒரு செல்லில் பசுங்கணிகங்கள் பல; ஒவ்வொன்றிலும் இந்த டி.என்.ஏ.வின் பிரதிகள் பல. ஆகவே கையளவு இலையிலேயே வேண்டிய அளவு கிடைக்கும். மூன்றாவது காரணம்தான் முக்கியம்: புல் இனங்களில் பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியாக மட்டுமே இறங்குகிறது. காற்றில் பறந்து வரும் மகரந்தம் உட்கருவின் டி.என்.ஏ.வைக் கொண்டுவந்து சேர்க்குமே தவிர, பசுங்கணிகத்தைக் கொண்டுவருவதில்லை. எனவே தாயும் தந்தையும் கலந்து குழம்பாத ஒற்றைக் கோடாக வம்சம் நீள்கிறது. விதை போன பாதையை அந்தக் கோடு காட்டும்.

வட்டத்தின் அமைப்பு

பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நுண்ணுயிர். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் ஒரு சயனோபாக்டீரியா வேறொரு செல்லுக்குள் குடியேறி அங்கேயே தங்கிவிட்டது. அதன் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் தொலைந்தன அல்லது உட்கருவுக்கு இடம் மாறின. இன்று ஒரு புல்லின் பசுங்கணிகத்தில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 110 வகை மரபணுக்கள். ஒளிச்சேர்க்கைக்கும், பசுங்கணிகம் தன் புரதங்களைத் தானே தயாரித்துக்கொள்வதற்கும் வேண்டியவை அவை. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியின் பெரிய பாகத்துக்கான மரபணு ஆர்.பி.சி.எல். இங்கேதான் இருக்கிறது.

இந்த டி.என்.ஏ. வழக்கமாக ஒரு வட்டமாக வரையப்படும். அதில் நான்கு பகுதிகள்: ஒரு பெரிய தனிப்பகுதி, ஒரு சிறிய தனிப்பகுதி, இரண்டையும் பிரித்து நிற்கும் இரண்டு தலைகீழ்ப் பிரதிகள். நெல்லில் பெரிய பகுதி 80,592 கார இணைகள்; சிறிய பகுதி 12,335; தலைகீழ்ப் பிரதி ஒவ்வொன்றும் 20,799. இந்தப் பிரதிகள் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. திசை மட்டும் எதிரெதிர். அதனால் நடுவில் உள்ள சிறிய பகுதி இப்படியும் திரும்பி நிற்கலாம், அப்படியும் திரும்பி நிற்கலாம். ஒரே இலைக்குள் இரண்டு நிலைகளும் ஏறத்தாழ சரிபாதியாக இருக்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி பால்மர் 1983-இல் பீன்ஸ் செடியில் காட்டினார். ஆகவே ஒரு புல்லின் வரைபடத்தில் சிறிய பகுதி ஒரு திசையிலும் இன்னொரு புல்லின் வரைபடத்தில் மறு திசையிலும் இருந்தால், அது இன வேறுபாடு ஆகாது. புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் தடுக்கி விழும் இடங்களில் இதுவும் ஒன்று.

புல் குடும்பத்தின் உண்மையான அடையாளம் பெரிய பகுதியில் இருக்கிறது. புகையிலையின் வரிசையோடு ஒப்பிட்டால், புல் குடும்பத்தில் மூன்று இடங்களில் டி.என்.ஏ. அறுந்து, திரும்பி, மறுபடி ஒட்டியிருப்பது தெரியும். முதல் துண்டு ஏறத்தாழ 28,000 கார இணை நீளம், இரண்டாவது 6,000, மூன்றாவது சில நூறு மட்டுமே. முதல் இரண்டும் புல்லின் நெருங்கிய உறவுக் குடும்பங்கள் சிலவற்றிலும் உண்டு. மூன்றாவது புல் குடும்பத்துக்கே உரியது. புல் குடும்பம் படிப்படியாகப் பிரிந்த வரிசையை இந்தத் திருப்பங்களே சொல்கின்றன.

விட்டுப்போன ஒரு மரபணு

திருப்பங்களைவிட வியப்பானது இல்லாமற்போன ஒன்று. பெரும்பாலான செடிகளின் பசுங்கணிகத்தில் ஏ.சி.சி.டி. என்ற மரபணு இருக்கும். இலைக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் பசுங்கணிகத்தில்தான் தயாராகிறது; அந்த வேலையைத் தொடங்கிவைக்கும் நொதி நான்கு பாகங்கள் சேர்ந்தது; நான்கில் ஒரு பாகத்தைத் தருவது இந்த மரபணு. நெல், கோதுமை, கரும்பு, கேழ்வரகு ஆகியவை அடங்கிய புல் குடும்பத்தில் இது செயல்படும் நிலையில் இல்லை. நெல்லில் ஒரு சிதைந்த துணுக்கு மிச்சமிருக்கிறது. சோளத்திலும் கரும்பிலும் அதன் சுவடு கிட்டத்தட்ட அழிந்தே போய்விட்டது.

கொழுப்பு அமிலம் இல்லாமல் எந்தச் செடியும் பிழைக்காது. ஆகவே புல் ஒரு மாற்று ஏற்பாடு செய்துகொண்டது. அதே வேலையைச் செய்யும், ஒரே நீண்ட புரதமாக அமைந்த இன்னொரு நொதிக்கு உட்கருவில் மரபணு உண்டு. மற்றச் செடிகளில் அந்த நொதி பசுங்கணிகத்துக்கு வெளியே வேலை செய்யும். புல்லில் அதன் ஒரு வகை பசுங்கணிகத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்து, விட்டுப்போன நொதியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்தப் பழைய கதையின் விளைவை இன்று உளுந்து வயலில் காணலாம். குயிசாலோஃபாப் என்ற களைக்கொல்லியைத் தெளித்தால் உளுந்தும் நிலக்கடலையும் நிமிர்ந்து நிற்கின்றன. நடுவில் முளைத்த புல் மட்டும் குருத்து பழுத்துச் சாகிறது. இந்த மருந்து முடக்குவது அந்த ஒற்றைப் புரத நொதியை. உளுந்தின் பசுங்கணிகத்தில் நான்கு பாக நொதி இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. புல்லுக்கோ வேறு வழியில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மரபணுவைக் கைவிட்டதற்கான விலையைப் புல் இன்று வயலில் கொடுக்கிறது.

விலை கொடுப்பது புல் மட்டும் அல்ல. ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்துக்கொண்டிருந்தால், அந்த நொதியில் தற்செயலாகச் சிறு மாற்றம் பெற்ற புல் பிழைத்து விதை போடுகிறது. பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் ஃபலாரிஸ் மைனர் என்ற களைப்புல் இப்படித்தான் இதே வகையைச் சேர்ந்த மருந்துகளுக்குக் கட்டுப்படாத நிலைக்கு வந்தது. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், மருந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டிய காரணம் புரிந்திருக்கும்.

இலையிலிருந்து எழுத்துக்கு

பசுங்கணிக டி.என்.ஏ. முதன்முதலில் முழுதாக வாசிக்கப்பட்ட ஆண்டு 1986. ஜப்பானில் மசாஹிரோ சுகியுரா தலைமையிலான குழு புகையிலையையும், கன்ஜி ஒயாமாவின் குழு மார்கான்ஷியா என்ற ஈரற்பாசியையும் அந்த ஆண்டில் வாசித்து முடித்தன. 1989-இல் நெல் வந்தது; முழுதாக வாசிக்கப்பட்ட முதல் புல் அதுவே. அந்தக் காலத்தில் பசுங்கணிகங்களைத் தனியே பிரித்தெடுத்து, அவற்றின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் பாக்டீரியாவில் வளர்த்து வாசிக்க வேண்டியிருந்தது. ஒரு புல்லை வாசிக்க ஒரு குழுவே வருடக்கணக்கில் உழைத்தது.

இன்றைய முறையில் பசுங்கணிகத்தைப் பிரிப்பதே இல்லை. இளம் இலையைப் பறித்துச் சிலிகா ஜெல் நிரப்பிய உறையில் போட்டால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். புல்லின் இலையில் சிலிகாத் துகள்கள் இருப்பதால் அது சுணையாக, கையை அறுக்கும்படி இருக்கும். அரைக்கவும் எளிதில் மசியாது. திரவ நைட்ரஜன் ஊற்றி உறையவைத்து, உரலில் மாவாகப் பொடிக்கிறார்கள். பிறகு சிடேப் என்ற சோப்புப் போன்ற வேதிப்பொருள் கலந்த வெந்நீர்க் கரைசலில் செல் சவ்வுகளைக் கரைத்து, குளோரோஃபார்ம் கொண்டு புரதத்தை விலக்கி, ஆல்கஹாலில் டி.என்.ஏ.வைப் படியவைக்கிறார்கள். குழாயின் அடியில் தங்கும் வெண்ணிற நூல் திரளில் மூன்று இடங்களின் டி.என்.ஏ.வும் கலந்தே இருக்கும்.

அதைச் சிறு துண்டுகளாக்கி வாசிக்கும் கருவியில் ஏற்றுகிறார்கள். இல்லுமினா வகைக் கருவி ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் வழக்கமாக 150 எழுத்துகளை வாசிக்கும். அப்படிக் கோடிக்கணக்கான துண்டுகள். உட்கருவின் தொகுதி மிகப் பெரியது என்பதால் அதன் ஒவ்வொரு இடமும் ஓரிரு முறை வாசிக்கப்பட்டாலே அதிகம். பசுங்கணிகத்தின் பிரதிகளோ ஏராளம் என்பதால் அதே ஓட்டத்தில் அதன் ஒவ்வொரு எழுத்தும் நூற்றுக்கணக்கான முறை வாசிக்கப்பட்டுவிடும். நோவோபிளாஸ்டி, கெட்ஆர்கனெல் போன்ற இலவச மென்பொருள்கள் அந்தத் துண்டுகளின் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் முனைகளைப் பார்த்து, வட்டத்தைக் கோத்துவிடுகின்றன. இது ஒரு சாதாரணக் கணினியில் நடக்கும் வேலை.

கோப்பதில் ஒரு பொறி உண்டு. பசுங்கணிக டி.என்.ஏ.வின் துண்டுகள் உட்கருவுக்குள் இன்றும் குடிபெயர்ந்துகொண்டே இருக்கின்றன. புகையிலையில் 2003-இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று அளந்து பார்த்தபோது, ஏறத்தாழ 16,000 மகரந்தத் துகள்களுக்கு ஒன்றில் இத்தகைய இடமாற்றம் நடந்திருந்தது. நெல்லின் பத்தாவது குரோமோசோமில் 1,31,000 கார இணை நீளத்துக்கு, அதாவது கிட்டத்தட்ட முழுப் பசுங்கணிக வட்டமுமே, உட்கார்ந்திருக்கிறது. உட்கருவில் குடியேறிய பிரதிக்கு வேலை இல்லை. அதனால் அதில் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். கவனமில்லாமல் அதைப் பசுங்கணிகம் என்று எடுத்துக்கொண்டால், இல்லாத புது இனம் ஒன்று தாளில் பிறந்துவிடும். எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பார்த்தால் உண்மைப் பிரதியையும் போலியையும் பிரித்துவிடலாம்.

ஒப்பிட்டுப் பார்த்தல்

ஒரு புல்லின் வரிசை மட்டும் கையில் இருந்தால் அது ஒன்றும் சொல்லாது; பல புற்களின் வரிசைகளை அடுக்கி ஒப்பிட வேண்டும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாடபேதம் பார்த்ததும் இந்த வேலையே. இரண்டு ஏடுகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுத்தவை என்று கொள்ளலாம். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறியிருப்பது அத்தகைய பாடபேதம். எந்தெந்தப் புற்கள் எந்தெந்த மாற்றங்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்று கணக்கிட்டு வம்சக் கொடி வரைகிறார்கள்.

இந்தியக் காட்டுப்புல் ஒன்று இந்த வகையில் முன்னோடியாக அமைந்தது. குளம் குட்டை ஓரங்களில் தானாக முளைக்கும் காட்டுநெல் ஒரைசா நிவாரா. அதன் பசுங்கணிகத் தொகுதி 2004-இல் வெளியானது: 1,34,494 கார இணைகள். காட்டுநெல்லையும் வயல்நெல்லையும் முழு அளவில் ஒப்பிட்ட முதல் ஆய்வு அது. இரண்டுக்கும் இடையே எழுத்து மாறிய இடங்கள் 159 மட்டுமே; அவற்றோடு சில சேர்க்கைகளும் விடுபாடுகளும் இருந்தன. இத்தனை நெருக்கமான உறவு என்பதால்தான் நிவாராவை வயல்நெல்லோடு கலக்க முடிந்தது. 1970-களில் ஆசிய நெல்வயல்களைப் புல்குட்டை நச்சுயிரி தாக்கியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் குர்தேவ் குஷ் குழுவினர் உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த நிவாராவிலிருந்து எதிர்ப்புத்திறனை எடுத்துச் சேர்த்தார்கள். அப்படி உருவான ஐ.ஆர். 36 ரகம் 1976-இல் வெளியாகி ஆசியா முழுவதும் பரவியது. எதிர்ப்புத்திறன் தரும் மரபணு இருப்பது உட்கருவில். பசுங்கணிகம் சொல்வது உறவுமுறையை. உறவு தெரிந்தால்தான் எந்தக் காட்டுப்புல்லில் தேடுவது என்று தெரியும்.

நீலகிரி மலைக்கே வந்து சேரும் இன்னொரு கதை தெமெடா என்ற புல் பேரினத்துடையது. தெமெடா ட்ரையான்ட்ரா நீலகிரிப் புல்வெளிகளில் வளரும் புல். இதே பேரினத்தைச் சேர்ந்த உயரமான தெமெடா சிம்பேரியா முதுமலையின் இலையுதிர் காடுகளில் தரையை மூடி நிற்கிறது. ட்ரையான்ட்ராவின் விதை முனையில் கறுத்த, முறுக்கேறிய நீண்ட சுணை இருக்கும். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மீண்டும் முறுகும். அந்தச் சுழற்சியில் கூரான விதை மண்ணுக்குள் தானே துளைத்துக்கொண்டு இறங்கும். விலங்கின் ரோமத்திலும் அது நன்றாகக் குத்தி ஒட்டிக்கொள்ளும். தீயில் தலை கருகினாலும் அடித்தூரிலிருந்து மறுபடி தழைக்கும்.

ஆப்பிரிக்காவின் சவன்னாப் புல்வெளிகளில் பரந்து ஆள்வதும், ஆஸ்திரேலியாவில் கங்காரு புல் என்று அழைக்கப்படுவதும் இதே ட்ரையான்ட்ராதான். ஆப்பிரிக்காவில் யானையும் வரிக்குதிரையும் மேயும் புல் அந்த மண்ணிலேயே தோன்றியதாகத்தான் இருக்கும் என்று எவரும் நினைப்பார்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு ஏழு மாதிரிகளின் பசுங்கணிகத் தொகுதியை முழுதாகக் கோத்து, 18 தெமெடா இனங்களைச் சேர்ந்த 71 மாதிரிகளின் டி.என்.ஏ. துணுக்குகளையும் சேர்த்து வம்சக் கொடி வரைந்தது. முடிவு நேர்மாறாக வந்தது. பேரினமும் சரி, ட்ரையான்ட்ராவும் சரி, தோன்றியது தெற்காசியாவில். ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவான ட்ரையான்ட்ரா 13 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவையும், வெறும் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவையும் அடைந்தது. ஆப்பிரிக்காவில் ஏற்கெனவே இருந்த புற்களை ஒதுக்கிவிட்டு அது பரவியது. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: தனி இனம் என்று எண்ணப்பட்ட தெமெடா குவாட்ரிவால்விஸ், பசுங்கணிகக் கணக்கில் ட்ரையான்ட்ராவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஓவேலிக்கு மேலே

கூடலூர் வட்டத்தில், நீலகிரி மேட்டுநிலத்தின் மேற்கு விளிம்புக்கு அடியில் கிடக்கும் பள்ளத்தாக்கு ஓவேலி. அங்கே பேசப்படுவது பச்சைத்தேயிலை விலையும், யானை வரத்தும், ஜன்ம எஸ்டேட்டுகளை ஒழிக்க வந்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் தீராத நிலச் சிக்கலும்தான். தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களுக்கு மேலே சோலைக்காடும், அதற்கும் மேலே மலைமுகட்டுப் புல்வெளியும் இருக்கின்றன. சோலை நீர் தருகிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். புல்வெளியை மட்டும் மரம் இல்லாத வெற்றிடமாகவே பார்க்கிறார்கள்.

அந்தப் பார்வையின் விளைவு மலை முழுவதும் தெரிகிறது. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் கொண்டுவந்த கற்பூர மரமும் சீகை மரமும் முதலில் விறகுக்காகவும் தோல் பதனிடவும் நடப்பட்டன. விடுதலைக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. நட்ட இடங்களில் பெரும்பாலானவை புல்வெளிகள். காடு அழிந்து வந்த தரிசுதான் புல்வெளி என்ற எண்ணம் அதற்குத் துணை நின்றது. அந்த எண்ணம் தவறு என்பதற்குச் சான்று சதுப்பு மண்ணிலேயே இருந்தது. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட குழுவினர் நீலகிரிச் சதுப்புகளின் கரிம அடுக்குகளை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 18,000 முதல் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வெப்பமண்டலப் புற்கள் ஓங்கியிருந்ததைக் காட்டியது. கோடரியோடு மனிதன் வருவதற்கு வெகு முன்னரே புல் இங்கே இருந்தது.

இம்மலைக்கே உரிய புல் ஒன்று ஈரியோகிரைசிஸ் ரங்காச்சாரியை. நீலகிரியின் சதுப்பு ஓரங்களில் வளர்வது. இங்குள்ள பழங்குடியினரான தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய்வது இந்தப் புல்லால்தான். தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921-இல் கையேடு எழுதிய கோவை வேளாண் தாவரவியலாளர் கே. ரங்காச்சாரியாரின் பெயரை இது தாங்குகிறது. இதன் உறவினங்கள் வாழ்வது வெப்பமண்டல அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும். ஆசியாவில் இது ஒன்றே. கடல் தாண்டிய இந்த உறவு எப்போது பிரிந்தது என்று கேட்க ஏற்ற இடம் பசுங்கணிகத் தொகுதி. கேட்பதற்குச் சதுப்பில் புல் நிற்க வேண்டும். சதுப்புகள் வடிக்கப்பட்டும், அணைநீரில் மூழ்கியும், மரம் நடப்பட்டும் குறைந்ததில் தோடர்கள் கூரைப் புல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

புல் நின்றால் மட்டும் போதாது. அதை இன்ன புல் என்று சொல்லத் தெரிந்தவரும் வேண்டும். எந்த வரிசையும் ஒரு சான்று மாதிரியோடு இணைந்திருந்தால்தான் மதிப்புப் பெறும்: பூவோடு பறித்து, தாளில் அழுத்தி, இடமும் நாளும் எழுதி, ஹெர்பேரியத்தில் எண்ணிட்டு வைத்த செடி. நாளை ஒருவர் பெயரில் ஐயப்பட்டால் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம். இந்தத் தாள்கள் பழையவை என்று தள்ளத் தக்கவையும் அல்ல. மடகாஸ்கரில் 1914-இல் பறித்து, அதன்பின் யாரும் கண்டிராத சார்டிடியா பெரியெரி என்ற புல்லின் பசுங்கணிகத் தொகுதி, நூற்றாண்டு கடந்த அந்தக் காய்ந்த இலையிலிருந்தே வாசிக்கப்பட்டது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும் நீலகிரியில் பல தலைமுறைகளாகச் சேகரித்த புல் தாள்கள் இருக்கின்றன. பொருள்காட்சிச் சாலையாக மட்டும் அல்லாமல் டி.என்.ஏ. களஞ்சியமாகவும் அவற்றைக் கருத வேண்டிய காலம் இது.

நடப்பதோ வேறு. தாவரவியல் துறைகளில் கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது. புல்லின் கதிரைப் பிரித்து லென்ஸில் பார்த்து இனம் சொல்லும் பயிற்சிக்கு மாணவர் வருவதில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கு அரசு 25.14 கோடி ரூபாயில் திட்டம் வகுத்தது பாராட்டத்தக்கது; அந்த ஆடு மேயும் புற்களின் பெயர் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் இதில் செய்யக்கூடியது நிறைய உண்டு. வனத்துறை அனுமதியோடு ஒவ்வொரு புல்வெளியிலும் புற்களைச் சேகரித்து, சான்று மாதிரியைக் கோவைக்கு அனுப்பி, சிறிது இலையைச் சிலிகா ஜெல்லில் காயவைத்துக் காத்து வைக்கலாம். வெளிநாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து செய்வதானால் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். வரிசைப்படுத்தும் செலவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது. அதைப் பத்தாண்டு கழித்துக்கூடச் செய்துகொள்ளலாம். சீகை மரத்தின் அடியில் மறைந்துபோன புல்லை அப்போது எந்தக் கருவியும் மீட்டுத் தராது. முதலில் செய்ய வேண்டியது புல்வெளியில் மரம் நடுவதை நிறுத்துவது. அடுத்தது புல்லுக்குப் பெயர் சொல்லக் கற்பது. கருவிக்கு வேலை அதற்குப் பிறகுதான்.